கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கும்போது தோலில் மஞ்சளும் கற்றாழையும் பூசலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது. வலது மார்பகத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெறுகிறது. 25 முறைகளில் 14 முடிந்துள்ளன. அக்குளும் மார்பின் அடிமடிப்பும் கறுத்து எரிகின்றன என்கிறார். உடம்பில் கதிர்ச்சூடு ஏறிவிட்டதால் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பூசவும், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வளரும் கற்றாழையைத் தடவவும் விரும்புகிறார். செய்யலாமா? – சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

பதில்: மஞ்சள், சந்தனம், செடியிலிருந்து நேரே வெட்டிய கற்றாழை ஆகிய மூன்றையும் சிகிச்சை முடிந்து தோல் முழுமையாக ஆறும்வரை அந்த இடத்தில் பூச வேண்டாம். உங்கள் தாயார் அவற்றை நாடுவதற்கான காரணம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அம்மை கண்டாலும் வேனற்கட்டி வந்தாலும் குளிர்ச்சியான பொருளைப் பூசித்தான் நாம் வளர்ந்தோம். ஆனால் இந்த எரிச்சல் சூட்டினால் வருவதன்று. நம் மேல்தோலின் அடியடுக்கில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து, மேலே உதிர்வதை ஈடுசெய்துகொண்டே இருக்கின்றன. கதிர்வீச்சு அந்தப் பிரிதலைத் தடுப்பதால், பழைய தோல் உதிரும் வேகத்துக்குப் புதிய தோல் வந்து சேர்வதில்லை. இதன் விளைவு பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தெரியத் தொடங்கும் என்பதால், 14ஆம் முறைக்குப் பிறகு உங்கள் தாயாருக்கு எரிவது எதிர்பார்த்ததே. வியர்வையும் உராய்வும் சேரும் அக்குளிலும் மடிப்பிலும் அது முதலில் வரும்.

மஞ்சளை நான் தடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவந்த தோலைத் தேடித்தான் பலரும் பாதிப்பை அளக்கிறார்கள். நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. தோல் நாவற்பழ நிறத்துக்கு மாறும், பளபளக்கும், புறங்கையை வைத்துப் பார்த்தால் சுற்றியுள்ள இடத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். இந்த நுண்ணிய அறிகுறிகள் அனைத்தையும் மஞ்சள் பூச்சு மறைத்துவிடும். சிகிச்சைக்காகத் தோலில் மையால் இட்ட குறிகளும் தேய்த்துக் கழுவும்போது அழியலாம். மடிப்பில் காய்ந்து ஒட்டிய மஞ்சளை ஈரத்துணியால் சிறிது சிறிதாக எடுக்கும்போது நோயாளி படும் வலியைத் தாதியாக நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அடியில் தோல் உரிந்திருந்ததை அதன்பிறகே எங்களால் காண முடிந்தது.

மஞ்சளின் சாரமான குர்குமினை மாத்திரையாக உட்கொள்வது பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 30 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சிறிய சோதனை நம்பிக்கை தந்தது. ஆனால் 2018இல் வெளியான, 686 பேர் பங்கேற்ற பெரிய சோதனையில் தோல் பாதிப்பு குறையவில்லை. குழம்பில் சேரும் மஞ்சளால் தீங்கில்லை. மாத்திரையாக எடுப்பதென்றால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

கற்றாழையை வெட்டி நிமிர்த்தி வைத்தால் தோலுக்கடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். அது தோலை உறுத்தக்கூடியது. அதை வடித்துவிட்டாலும், தொட்டிச் செடியின் சோற்றில் கிருமி இல்லை என்று சொல்ல இயலாது. சுத்திகரித்த கற்றாழைக் கூழைக் கொண்டு நடந்த சோதனைகளிலும் அது சாதாரண ஈரப்பசைக் களிம்பைவிட மேலானதாக நிற்கவில்லை. இணையத்தில் பலர் பரிந்துரைக்கும், காலெண்டுலா என்னும் பூச்செடியிலிருந்து செய்யும் களிம்பு, 2004இல் பிரான்சில் 254 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நல்ல பலன் தந்தது; பின்னர் சுவீடனில் நடந்த ஆய்வில் சாதாரணக் களிம்புக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆங்கிலத்தில் இரண்டையும் மேரிகோல்டு என்று அழைத்தாலும், தேக்காச் சந்தையில் மாலைக்கு வாங்கும் துலுக்கச் சாமந்தி வேறு செடி என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அதை அரைத்துப் பூச வேண்டாம்.

இயற்கைப் பொருளே வேண்டுமென்றால் ஆலிவ் எண்ணெயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2023இல் வெளியான அனைத்துலக வழிகாட்டுதல், தோல் பாதிப்பைத் தடுக்கப் பரிந்துரைத்த சிலவற்றுள் அதுவும் ஒன்று. மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பும், மார்பகத்தின்மேல் ஒட்டும் மெல்லிய சிலிகான் படலமும் அதே பட்டியலில் உள்ளன; இவை உங்கள் தாயாருக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எதைப் பூசினாலும் உரியாத தோலில் மட்டும், மெல்லியதாகப் பூசுங்கள். சிகிச்சைக்குச் செல்லுமுன் தடிமனாகப் பூசினால் தோலின் மேற்பரப்பில் கதிரின் அளவு கூடக்கூடும் என்பதால், வீடு திரும்பிய பின் பூசுவது நல்லது.

மருந்தைவிட அன்றாடப் பழக்கமே இங்கு அதிகம் உதவும். தண்ணீர் படக் கூடாது என்ற பழைய அறிவுரை இப்போது இல்லை. வெதுவெதுப்பான நீரில், மணமில்லாத மென்மையான சோப்பை உள்ளங்கையால் தடவிக் குளிக்கலாம், பீர்க்கங்கூடு வேண்டாம். துண்டை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மடிப்பை விலக்கி மின்விசிறிக் காற்றில் சிறிது நேரம் காயவிடுங்கள். முகப்பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உரசும். கோடரித் தைலம் போன்ற தைலங்களையும் வலிப் பட்டைகளையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கம்பி வைத்த உள்ளாடையை விட்டுத் தளர்வான பருத்தி ஆடை அணியட்டும். தாலிச் சங்கிலி மார்பில் உரசினால், கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அதை மெல்லிய பருத்தி நூலில் கோத்து, உரசாத உயரத்தில் அணிந்துகொள்வதை நான் கண்டிருக்கிறேன். ஆயினும் சிகிச்சை மேசையில் படுக்குமுன் அதை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, நாற்றமோ சீழோ வந்தாலோ, காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலோ அடுத்த முறை வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். கசியும் இடத்தில் எண்ணெய் கூடாது; அதற்கு ஒட்டாத கட்டுத்துணி தேவை.

கடைசி முறை முடிந்ததும் எல்லாம் சரியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன்பின் ஒன்றிரண்டு வாரங்கள் எரிச்சல் கூடி, பிறகே தணியத் தொடங்கும். அந்த வாரங்களில் தினமும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிராது, தாதியரும் தோலைப் பார்க்க மாட்டார்கள். ஆகவே அப்போது நீங்களே காலையில் நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் அக்குளையும் அடிமடிப்பையும் பார்த்து, முந்தைய நாளைவிடக் கறுத்திருக்கிறதா, ஈரம் தட்டுகிறதா என்று குறித்து வையுங்கள்.