ஜார் ஆட்சி ஏன் கவிழ்ந்தது? கேள்வி பதில்

கேள்வி: சார், ரஷ்யப் பேரரசர் ஜாரைக் கவிழ்த்தது லெனின்தானே?

பதில்: இல்லை. 1917 மார்ச்சில் ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் பதவி விலகியபோது லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார். லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் நவம்பரில் கவிழ்த்தது, ஜார் போனபின் அமைந்த இடைக்கால அரசைத்தான். (தேதிகள் எல்லாம் இன்றைய நாட்காட்டிப்படி.)

கேள்வி: 1905-லும் போரில் தோல்வி, வேலைநிறுத்தம், கலகம் எல்லாம் இருந்ததே. அப்போது தப்பித்தவர் 1917-ல் ஏன் விழுந்தார்?

பதில்: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 1905-ல் ஜப்பானோடு சமாதானம் செய்துகொண்டார், நாடாளுமன்றம் தருவதாக அறிவித்தார், அப்புறம் படையை அனுப்பி மாஸ்கோ எழுச்சியை நசுக்கினார். அன்று படை அவர் பேச்சைக் கேட்டது. முதல் உலகப் போரின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே அந்தப் பழைய படையில் பெரும்பகுதி மடிந்துவிட்டது. 1917-ல் தலைநகர் பெத்ரோகிராட் முகாம்களில் அடைந்து கிடந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஆட்கள், எப்போது போர்முனைக்கு அனுப்புவார்களோ என்ற பயத்தோடு இருந்தவர்கள்.

மார்ச் 8, மகளிர் தினம். நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். கலவரத்தை உடனே அடக்கும்படி ஜாரிடமிருந்து தந்தி வந்தது. 11-ஆம் தேதி வொலின்ஸ்கி படைப்பிரிவு கூட்டத்தின்மேல் சுட்டது. அன்று இரவு அதே வீரர்கள் முகாமில் கூடிப் பேசி, இனி சுடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் காலை அணிவகுக்கச் சொல்ல வந்த அதிகாரி திரும்பி ஓடும்போது சுடப்பட்டார். சாயங்காலத்துக்குள் பல்லாயிரம் வீரர்கள் மக்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், முடியாட்சி விழுந்தது அன்றைக்குத்தான்.

கேள்வி: நாட்டில் தானியமே இல்லையா?

பதில்: இருந்தது. ரயில்கள் போர்முனைக்கே ஓடின, நகரத்துக்கு வந்து சேரவில்லை. ரூபிள் மதிப்பிழந்ததால் விவசாயிகளும் விற்கத் தயங்கினார்கள்.

கேள்வி: ஜார் அப்போது எங்கே இருந்தார்?

பதில்: மொகிலேவ் ராணுவத் தலைமையகத்தில். 1915-ல் தலைமைத் தளபதி பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அமைச்சர்கள் பலர் வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு தோல்வியும் அவர் தலையில் விழுந்தது. தலைநகரிலோ எதிரி நாடான ஜெர்மனியில் பிறந்த அரசி அலெக்சாண்ட்ராவின் கை ஓங்க, துரோக வதந்தி பரவியது.

கேள்வி: பதவி விலகச் சொன்னது யார்?

பதில்: அவருடைய தளபதிகளேதான். அவர் தலைநகரை நோக்கிப் புறப்பட்ட ரயிலுக்கு வழி அடைபட்டு, பிஸ்கோவ் நகருக்குத் திரும்பியது. தலைமையகத்தில் ஜாருக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி அலெக்சேயெவ் தந்தியில் போர்முனைத் தளபதிகளின் கருத்தைக் கேட்டார். விலகுவதே நல்லது என்று பதில் வந்தது. சித்தப்பா முறையான நிக்கோலாய் நிக்கோலாயெவிச்சும் அதையே சொன்னார். மார்ச் 15 அன்று ரயில் பெட்டியிலேயே கையெழுத்திட்டார். மகனுக்கு ரத்தம் உறையாத நோய் என்பதால் தம்பி மிகயீலுக்கு முடியைக் கொடுத்தார். தம்பி மறுநாளே மறுத்துவிட்டார்.

ஜார் போனால் போரைத் தொடரலாம் என்பதே தளபதிகளின் கணக்கு. இடைக்கால அரசும் போரைத் தொடர்ந்தது. எட்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.