டொமைன் பாஸ்வேர்டைக் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: இணையத்தில் சின்னதாகத் துணிப்பைக் கடை நடத்துகிறேன். ஃபேஸ்புக் விளம்பரங்களைக் கவனிக்க ஒருவரை அமர்த்தியிருக்கிறேன். "இந்தத் தளம் உங்களுடையதுதான் என்று ஃபேஸ்புக்குக்கு நிரூபிக்க வேண்டும், டொமைன் வாங்கிய இடத்தின் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் அனுப்புங்கள், ஐந்து நிமிட வேலை" என்கிறார். நல்ல மனிதர்தான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய போன் தொலைந்தாலோ மெயில் வேறு யார் கையிலாவது சிக்கினாலோ என்ன செய்வீர்கள்? டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரி, அதை வாங்கிய கணக்கு வீட்டுப் பத்திரம் மாதிரி. அதற்குள் நுழைந்தவர் டொமைனையே வேறு இடத்துக்கு மாற்றப் பார்க்கலாம், உங்கள் மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைக்கூட மாற்றலாம். மின்னஞ்சல் கைமாறிவிட்டால் அந்த முகவரியை வைத்துத் திறந்த மற்ற கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' லிங்க்குகளும் அங்கேதான் போகும்.

இந்த வேலைக்கு உங்கள் பாஸ்வேர்டு யாருக்குமே தேவையில்லை. ஃபேஸ்புக் ஒரு குறியீடு தரும், தளத்தின் சொந்தக்காரர் மட்டுமே கைவைக்கக்கூடிய ஓர் இடத்தில் நீங்கள் அதை வைக்க வேண்டும், அவர்கள் வந்து பார்த்துவிட்டு 'சரி' என்பார்கள். அவ்வளவுதான். வைக்கும் இடம் மூன்றில் ஒன்று: டொமைனின் டிஎன்எஸ் பட்டியலில் (தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்) ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு, தளத்தின் முதல் ஃபோல்டரில் ஒரு சின்ன ஹெச்டிஎம்எல் ஃபைல், அல்லது முகப்புப் பக்கத்தின் கோடில், பார்ப்பவர் கண்ணில் படாத ஹெட் பகுதியில் ஒரு வரி மெட்டா டேக். பின்டரெஸ்டிலும் இதே மூன்று வழிதான். ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில் ரெக்கார்டோ ஃபைலோ வைத்தால் உங்கள் டொமைனே பயனர் பெயராகிவிடும். மாஸ்டடான் என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் இன்னும் எளிது, உங்கள் மாஸ்டடான் பக்கத்தில் தள முகவரியைப் போட்டுவிட்டு, தளத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு 'ரெல் மீ' என்ற குறிப்போடு ஒரு லிங்க் வைத்தால் போதும். இவற்றில் எதுவுமே டொமைன் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்பதில்லை.

அந்தக் குறியீடு ரகசியமும் இல்லை. டிஎன்எஸ்ஸில் வைத்ததை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே "குறியீட்டை வாட்ஸப்பில் அனுப்புங்கள், நானே வைக்கிறேன்" என்று அவரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: குறியீடு யாருடைய கணக்கிலிருந்து வருகிறது? பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அவருடைய பிசினஸ் கணக்கில் எடுத்த குறியீட்டை நீங்கள் வைத்தால், உங்கள் டொமைன் அவருடைய கணக்கின் சொத்தாகப் பதிவாகும். பின்டரெஸ்டில் ஒரு தளத்தை ஒரே ஒரு கணக்குதான் உரிமை கோர முடியும். நாளைக்கு அவரோடு ஒத்துவராமல் போனால், உங்கள் தளத்துக்கே நீங்கள் அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். என் உறவுக்காரப் பெண் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பெயரில் பிசினஸ் கணக்கைத் திறந்து, டொமைனை அங்கே உறுதிசெய்து, அப்புறம் அவரைப் பார்ட்னராகச் சேர்த்து வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள்.

ரெக்கார்டு வைக்கும்போது முதலில் இருக்கிற பட்டியலை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிறகு புதிதாக ஒரு வரி சேருங்கள். ஏற்கனவே ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு இருக்கிறதே என்று அதன்மேல் எழுதிவிடாதீர்கள், அது உங்கள் மின்னஞ்சலுக்கான எஸ்பிஎஃப் வரியாக (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் வரி) இருக்கலாம், அது போனால் நீங்கள் அனுப்பும் மெயில்கள் ஸ்பேமில் விழத் தொடங்கும். டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் எத்தனை வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். நேம்சர்வரை, அதாவது டிஎன்எஸ் பட்டியல் இருக்கும் இடத்தையே, மாற்றச் சொன்னால் அது இந்த வேலையே இல்லை, நிறுத்திவிடுங்கள். ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுத்து ஒட்டச் சொன்னாலும் அப்படித்தான்: விளம்பரக் கணக்கெடுப்புக்கான பிக்சல் ஒரு ஸ்கிரிப்ட், அது தேவைப்படலாம், ஆனால் உரிமையை நிரூபிக்க அது வேண்டாம். மெட்டா டேக் சும்மா கிடக்கும் ஒரு வரி. ஸ்கிரிப்ட்டோ வாங்க வருபவரின் பிரவுசரில் ஓடும், பணம் கட்டும் பக்கத்தில் இருந்தால் அவர் தட்டுவதையெல்லாம் படிக்கக்கூட முடியும்.

ஒருவேளை பாஸ்வேர்டை ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றி, இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிவிடுங்கள். கணக்கில் இருக்கும் தொடர்பு மின்னஞ்சல் உங்களுடையதுதானா, டொமைனை வேறு இடத்துக்கு மாற்றவிடாத டிரான்ஸ்ஃபர் லாக் போட்டே இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: "உங்கள் தளத்தின் உரிமை உறுதியாகவில்லை, 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்" என்று மெசஞ்சரில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. உண்மையா?

பதில்: மோசடி. லிங்க்கைத் தொடாதீர்கள். பிசினஸ் கணக்கில் நீங்களே முகவரியைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள், உண்மையிலேயே ஏதாவது பாக்கி இருந்தால் அங்கே தெரியும். லிங்க்கைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டியிருந்தால், மேலே சொன்னதை ஃபேஸ்புக் கணக்குக்கும் உடனே செய்யுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக வைத்தும் 'உறுதியாகவில்லை' என்றே வருகிறது. அப்புறம், உறுதியானதும் குறியீட்டை எடுத்துவிடலாமா?

பதில்: டிஎன்எஸ் வழி என்றால் பொறுங்கள், மாற்றம் பரவ 72 மணி நேரம்வரை ஆகலாம். மெட்டா டேக் என்றால் அது ஹெட் பகுதிக்குள் இருக்கிறதா, பழைய பக்கத்தையே காட்டும் கேஷ் ப்ளகின் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பதற்றத்தில் அதே குறியீட்டை நான்கு இடத்தில் ஒட்ட வேண்டாம்.

எடுக்கவும் வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். ப்ளூஸ்கையில் எடுத்தால் உங்கள் பயனர் பெயர் செல்லாது என்று காட்டத் தொடங்கிவிடும். நீக்க வேண்டியது முன்பு வேலை பார்த்துவிட்டுப் போனவர்களுடைய பழைய குறியீடுகளைத்தான். எது யாருடையது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு, அந்த வரியை மட்டும் நீக்குங்கள்.