ஸ்லாட் இயந்திர விண்ணப்பம்: "எளிதில் தோன்றக்கூடியது" என்ற மறுப்புக்குப் பதில்

வணக்கம் ஐயா. காரைக்குடியிலிருந்து ஸ்லாட் என்ற சூதாட்ட இயந்திரத்துக்காக நீங்கள் அமெரிக்காவில் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்தை, ஒரு பழைய காப்புரிமையில் நிலைத்து நிற்கும் வைல்டு சின்னமும் (மற்றச் சின்னங்களுக்குப் பதிலாகக் கணக்கில் வருவது) இன்னொன்றில் போனஸ் சுற்றும் இருப்பதால், இரண்டையும் இணைப்பது துறையறிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் மறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

"இரண்டும் ஒரே ஆவணத்தில் இல்லை" என்று மட்டும் தயவுசெய்து பதில் எழுதாதீர்கள்; அது புதுமைக்கான வாதம், இங்கே எடுபடாது. தெரிந்த கூறுகளைத் தெரிந்த முறையில் இணைத்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் காப்புரிமை கிடைப்பது அரிது என்று 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் இணைக்கத் தூண்டும் காரணத்தை வெளிப்படையாக ஆராய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு வலியுறுத்துகிறது. அந்தக் காரணம் மறுப்பில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

ஆத்தங்குடி தரை ஓட்டில் ஒரு பூவுக்குப் பதில் வேறு பூ வார்ப்பது கண்டுபிடிப்பாகாது. தண்ணீரில் ஊறப்போடாமலே ஓடு இறுகினால் நிலைமையே வேறு. வைல்டு நிற்கும்போது, சின்னங்கள் சுழலும் சுருள்களின் நிகழ்தகவு அட்டவணை மாறியும், பந்தயப் பணத்தில் ஆடுபவருக்குத் திரும்பும் பங்கான மொத்தத் திரும்பளிப்பு விகிதம் குலைவதில்லை என்கிறீர்களே, உங்கள் பலம் அதுதான். முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் அது எழுதப்பட்டிருந்தால், எதற்குக் காப்புரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் கோரிக்கை வாசகத்திலேயே சேருங்கள். பதிலளிக்க வழக்கமாக 3 மாதம், கட்டணம் செலுத்தினால் 6 மாதம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் உங்கள் வழக்கறிஞர் மூலம் ஆய்வாளரிடம் தொலைபேசி நேர்காணல் கேளுங்கள்.