ஒரே பாடம், மூன்று படிப்புகள்: எதற்குப் பணம் கட்டுவது?

கேள்வி: பணியில் தேவைப்படுவதால் புள்ளியியல் கற்க விரும்புகிறேன். இணையத்தில் எல்லோருக்கும் திறந்த படிப்புகளில் ஒன்று நம் வசதிப்படி படிக்கச் சொல்கிறது. ஒன்று வாரந்தோறும் கெடு வைக்கிறது. இன்னொன்றில் கற்போரின் கலந்துரையாடலே பாடமாக இருக்கிறது. வசதிப்படி படிக்கும் வகையில் இரு முறை சேர்ந்து பாதியில் விட்டிருக்கிறேன். எதற்குப் பணம் கட்டலாம்?

பதில்: வாரக் கெடு உள்ள படிப்பில் சேருங்கள், ஆனால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்.

கலந்துரையாடல் வகைதான் இவற்றில் மூத்தது. 2008-இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய படிப்பில் கட்டணம் செலுத்தியவர்கள் சுமார் 25 பேர். இணையம் வழியே இலவசமாகச் சேர்ந்தவர்களோ சுமார் 2,200 பேர். கற்போர் தத்தம் வலைப்பூக்களில் எழுதியவையும் அங்கே பாடத்தின் பகுதியாயின. கருத்து மோதல் நிறைந்த துறைகளுக்கு இம்முறை அருமையானது. அடிப்படைக் கணக்கில் தடுமாறுகிறவருக்கு, நீச்சல் தெரியாமல் ஆற்றில் இறங்கிய கதையாகிவிடும்.

குறுங்காணொளி, கணினி திருத்தும் வினா, வாரக் கெடு என்ற வார்ப்பைப் பரப்பியது, 2011-இல் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து நடத்திய செயற்கை நுண்ணறிவுப் படிப்பு. அதில் சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தனர். பதிவு செய்வது வேறு, முடிப்பது வேறு. 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்திய மின்சுற்றுப் படிப்பில் பதிந்த சுமார் 1,55,000 பேரில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர் மட்டுமே. ஆகவே நீங்கள் இரு முறை விட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. கெடு இல்லாத இடத்தில் உங்களுக்குப் படிப்பு ஓடவில்லை என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, உங்கள் விடையை யார் திருத்துகிறார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். கட்டத்தில் 0.05 என்று இட்டால் சரியா தவறா என்று கணினி நொடியில் சொல்லிவிடும். அந்த எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்று நீங்கள் எழுதும் நான்கு வரிகளை, பெரும்பாலும் சக மாணவர்களே மதிப்பிடுவார்கள். நான் படித்த ஒரு படிப்பில் மூவர் என் கட்டுரையைத் திருத்தினர். ஒருவர் எழுதியது "நன்று" என்ற ஒற்றைச் சொல். மதிப்பெண்ணுக்கான அளவுகோலை வரி வரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் படிப்புகளில் இந்தக் குறை வெகுவாகக் குறைகிறது.

எனவே, தளம் அனுமதித்தால், இலவசப் பார்வையாளராக நுழைந்து, பளபளப்பான முதல் வாரத்தைத் தாண்டி மூன்றாம் வாரப் பயிற்சியைத் திறந்து பாருங்கள். அது பூட்டியிருந்தால், கட்டணம் எதற்கென்று அங்கேயே விளங்கிவிடும். கேள்வி மன்றத்தில் கடைசிப் பதிலின் தேதியையும் பாருங்கள். பல மாதங்களுக்கு முந்தையது என்றால், கேட்க ஆளில்லாத வகுப்பு அது.

கட்டணம் மாதச் சந்தாவாக இருந்தால், படிப்புக்குக் குறித்திருக்கும் கால அளவை அப்படியே நம்பாமல், ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டு மொத்தத் தொகையைப் பாருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, எத்தனை நாளுக்குள் விலகினால் பணம் திரும்பும், அதற்குள் சான்றிதழ் பெற்றுவிட்டால் அவ்வுரிமை போய்விடுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.