வாலிபால் ஆடும் மகளுக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: என் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் 8ஆம் வகுப்பை முடிக்கப் போகிறாள். இரண்டு ஆண்டுகளாக வாலிபால் ஆடுகிறாள். மாவட்டப் போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்த ஒரு தனியார் பள்ளியின் பயிற்சியாளர், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் இல்லாமல் 9ஆம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அந்தப் பள்ளி ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. மாநில அளவில் பல கோப்பைகளை வென்ற பள்ளி. இப்போதைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை மிகவும் அக்கறையானவர். ஆனால் மைதானம் சிறியது, பந்துகளும் நான்கைந்துதான். படிப்பு கெட்டுவிடும் என்று என் கணவர் மறுக்கிறார். வந்த வாய்ப்பை விடாதே என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மகள் போகத் துடிக்கிறாள். விளையாட்டை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது சரிதானா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளையாட்டை முன்வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் தவறு ஏதும் இல்லை. கிரிக்கெட் வீரர் ரவிச்சந்திரன் அஸ்வின் ஆட்டத்துக்காகவே சென்னையில் ஒரு பள்ளியிலிருந்து செயின்ட் பீட்ஸ் பள்ளிக்கு மாறியவர். பின்னர் பொறியியல் பட்டமும் பெற்றார். அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி ஹாக்கிக்காகக் கோவில்பட்டி விளையாட்டு விடுதிக்கு வந்து சேர்ந்தவர். 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலோடு இந்திய அணியில் ஆடி வெண்கலம் வென்றார். ஆனால் இவ்விருவரும் எங்கே மாறினார்கள் என்பதையும் பாருங்கள். அஸ்வின் மாறியது தம் சொந்த நகரத்துக்குள்ளேயே. கார்த்தி வந்து சேர்ந்தது, தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடிவரும் ஓர் ஊரில் அரசு நடத்தும் விடுதிக்கு. உங்கள் மகளுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை அழைப்பு. ஒரு தனியார் பள்ளி தன் அணிக்கு ஆள் தேவைப்படுவதால் இலவச இடம் தருகிறது. அதில் குற்றம் இல்லை. ஆனால், அவள் பந்தைத் தொட முடியாத ஒரு நாள் வந்தால் அந்த இடம் என்ன ஆகும் என்பது தெரியாமல் நீங்கள் சம்மதம் சொல்லக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில், என்னிடம் பயின்ற ஒரு மாணவி இதே போன்ற அழைப்பின் பேரில் வெளியூர்ப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். அனுப்பிவைக்கும்படி அவள் பெற்றோரிடம் பேசியவள் நான்தான். 10ஆம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்பு, பந்தை அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது அவளுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சையும் ஓய்வுமாக அந்தக் கல்வியாண்டு போயிற்று. அடுத்த ஆண்டு தொடர வேண்டுமானால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பள்ளி சொன்னது. அவளுடைய தந்தை கட்டடத் தொழிலாளி, அவரால் முடியவில்லை. மாற்றுச் சான்றிதழுடன் அவள் ஊருக்குத் திரும்பியபோது, கால் வலியைவிடத் தன்னை வேண்டாம் என்று சொன்னதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. கட்டணச் சலுகை எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையின் பேரில் என்று அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

ஆகவே, பள்ளியின் முகவரி அச்சிட்ட தாளில், முதல்வரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் கேளுங்கள். சலுகை 12ஆம் வகுப்பு முடியும்வரை உண்டா, அல்லது ஆண்டுக்கு ஆண்டு மறுபரிசீலனைக்கு உரியதா. காயம் ஏற்பட்டாலோ அணியில் இடம் கிடைக்காமல் போனாலோ அது தொடருமா. சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம், காலணி, போட்டிப் பயணம் ஆகியவற்றின் செலவு யாருடையது. மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள். பாதியில் விலகினால் அதுவரையிலான கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்பவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். போட்டிகளில் அவள் பெறும் சான்றிதழ்களின் அசல் உங்கள் கையில்தான் இருக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இவற்றைக் கேட்பதால் பயிற்சியாளர் முகம் சுளிப்பார் என்று தயங்க வேண்டாம். நல்லெண்ணத்துடன் அழைக்கும் பள்ளிக்கு இதை எழுதித் தருவதில் சிரமம் இருக்காது. எழுதித் தர மறுத்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்து நான் சொல்லப்போவதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அவ்வாறு சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமோ, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. உங்கள் மகள் 9ஆம் வகுப்பில் சுயநிதிப் பள்ளிக்கு மாறினால் இவ்விரண்டு உரிமைகளும் அவள் கையைவிட்டுப் போகும். இதற்கு ஈடாக விளையாட்டு ஒதுக்கீட்டைப் பலர் காட்டுவார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உள்ளன, அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்த 500 இடங்களும் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, மாநிலம் முழுமைக்கும் உரியவை. எந்த அளவிலான போட்டியில் என்ன பதக்கம் என்ற மதிப்பெண் வரிசையில் நிரப்பப்படுபவை. கையில் இருப்பதை விட்டுக்கொடுத்து, கிடைக்கக்கூடும் என்பதைத் துரத்துகிறோம் என்பதை அறிந்துகொண்டே முடிவெடுங்கள்.

உங்கள் கணவரின் அச்சத்தை நான் பழமைவாதம் என்று ஒதுக்க மாட்டேன். தமிழ்வழியில் படித்த பெண் 9ஆம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறினால், 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பு அவளுக்கு இருப்பது இரண்டே ஆண்டு. அதிலும் போட்டிகளுக்காகப் பல வாரங்கள் வகுப்பில் இருக்க மாட்டாள். விட்டுப்போன பாடத்தை யார், எந்த நேரத்தில் நடத்துவார்கள் என்று பள்ளியில் கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்' என்பது பதிலே அல்ல.

இனி அந்தக் கோப்பைகளைப் பற்றி. பல மாவட்டங்களிலிருந்து திறமையான பெண்களைத் திரட்டும் பள்ளி கோப்பை வெல்வது இயல்புதான். அந்தப் பெண்களை அது வளர்த்ததா என்பதைக் கோப்பை சொல்லாது. 6ஆம் வகுப்பில் அங்கேயே சேர்ந்து, அங்கேயே பந்து பிடிக்கக் கற்று அணிக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 12ஆம் வகுப்பை முடித்த அணியில் யார் யார் எந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள், யார் இன்னும் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுள் இரண்டு பெண்களின் பெற்றோரோடு பேச முடிந்தால், பள்ளி தரும் விளம்பரத் தாளைவிட அது பல மடங்கு பயன் தரும்.

வயதுப் பிரிவையும் மறந்துவிடாதீர்கள். பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கின்றன. இதுவரை 14 வயதுப் பிரிவில் மூத்தவளாக ஆடி, பார்ப்பவர்களின் கண்ணில் பட்ட உங்கள் மகள், அங்கே போனதும் 17 வயதுப் பிரிவில் மிக இளையவளாக இருப்பாள். 12 பேர் கொண்ட அணியில் களத்தில் நிற்பவர்கள் 6 பேர்தான். முதல் ஆண்டு முழுவதும், சில நேரம் இரண்டாம் ஆண்டும், அவள் வெளியே உட்கார்ந்து கைதட்ட வேண்டியிருக்கலாம். அது அவளுக்கும் உங்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவளை எந்த இடத்தில் ஆடவைக்க நினைக்கிறார்கள், பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராகவா, அதை ஓங்கி அடிக்கும் அட்டாக்கராகவா என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். அவளுடைய ஆட்டத்தை உண்மையாகவே கவனித்தவர் என்றால் தயங்காமல் விளக்குவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் மாலை முன்னறிவிப்பு இல்லாமல் அங்கே போய்ப் பயிற்சியைத் தொடக்கம் முதல் இறுதிவரை பாருங்கள். ஆடுகளம் மண்ணா, சிமென்ட்டா? நாள்தோறும் நூறு தடவை குதித்து இறங்கும் வளர் பருவத்துக் கால்களுக்குச் சிமென்ட் தரை நல்லதல்ல. தொடங்குமுன் உடலைத் தளர்த்தும் பயிற்சிகளை முறையாகச் செய்கிறார்களா, நேரே பந்தடிக்க இறங்குகிறார்களா? வாலிபாலில் மிகுதியாகக் காயப்படுவது கணுக்கால்; மைதானத்தில் ஐஸ்கட்டியும் கட்டுத்துணியும்கூட இல்லையென்றால் அங்கே காயத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று பொருள். பந்தைத் தவறவிட்ட பெண்ணிடம் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதைக் கூர்ந்து பாருங்கள். அருகில் போய்க் கை வைக்கும் முறையைத் திருத்திக் காட்டுகிறாரா, எல்லோர் முன்பும் இழிவாகப் பேசுகிறாரா, அடிக்கிறாரா? அடிப்பதைக் கண்டால், அவர் எத்தனை தேசிய வீராங்கனைகளை உருவாக்கியவராக இருந்தாலும், மகளை அங்கே சேர்க்காதீர்கள். இந்த ஒன்றில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஓய்வைப் பற்றியும் கேளுங்கள். வளரும் பிள்ளைகள் ஒரே விளையாட்டில் தீவிரமாக ஈடுபடும்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் அந்த விளையாட்டிலிருந்து ஓய்வு பெற வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பத்து மணிவரை படிக்கவைக்கும் விடுதியில், இந்த வயதுக்குத் தேவையான எட்டு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது.

பெண் பிள்ளை என்பதால் இதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். விடுதிக் காப்பாளர் பெண்தானா, இரவில் அங்கேயே தங்குகிறாரா, வெளியூர்ப் போட்டிகளுக்கு ஆசிரியை ஒருவர் உடன் செல்கிறாரா, மகள் உங்களுடன் தனிமையில் தொலைபேசியில் பேச அனுமதி உண்டா என்பவை கட்டாயம் தெரிய வேண்டும். மாதவிடாய் நாட்களில் 'இன்று என்னால் முடியாது' என்று ஒரு மாணவியால் பயிற்சியாளரிடம் கூச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதை அங்கே ஏற்கெனவே ஆடும் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், குழந்தைகள் உதவி எண் 1098 அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் முன் இருப்பவை இரண்டு வழிகள் மட்டும் அல்ல. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் தேர்வுப் போட்டி வைத்து மாணவ மாணவியரைச் சேர்க்கிறார்கள். தங்குமிடம், உணவு, சீருடை, பயிற்சி ஆகியவற்றை அரசு தருகிறது. பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் படிக்கிறார்கள். அது அரசுப் பள்ளியாக அமைந்தால் நான் மேலே சொன்ன உரிமைகளும் கைவிட்டுப் போகாது. மாவட்ட விளையாட்டு அலுவலரைச் சந்தித்து, பெண்களுக்கு வாலிபால் பயிற்சி உள்ள விடுதிகள் எவை, இந்த ஆண்டுத் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டாலும் 11ஆம் வகுப்பில் மறுபடியும் வாய்ப்பு உண்டு. 'இப்போது விட்டால் எப்போதும் இல்லை' என்று உறவினர்கள் சொல்வது சரியல்ல.

என் கருத்தைக் கேட்டால், முதலில் அரசு விடுதித் தேர்வில் கலந்துகொள்ளச் செய்யுங்கள். தனியார் பள்ளி எழுத்து வடிவில் உறுதி தந்து, மைதானத்தில் நீங்கள் கண்டதும் மனநிறைவு தந்தால் அதை இரண்டாவதாக எண்ணலாம். இரண்டும் அமையாவிட்டால், 10ஆம் வகுப்புவரை இப்போதைய பள்ளியிலேயே இருக்கட்டும். நான்கைந்து பந்துகளை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணை மாவட்டமே கவனிக்கும் அளவுக்கு உயர்த்திய அந்த ஆசிரியையை நீங்கள் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது. வலுவான எதிரணிகளோடு ஆடும் வாய்ப்பு அங்கே குறைவு என்பது உண்மையான இழப்புதான்; கோடை விடுமுறையில் மாவட்ட விளையாட்டரங்கில் நடக்கும் பயிற்சி முகாமும், ஊரில் உள்ள கிளப் அணிகளோடு வார இறுதியில் ஆடுவதும் அதை ஓரளவு ஈடு செய்யும்.

உங்கள் கடிதத்தில் பயிற்சியாளரும் கணவரும் உறவினர்களும் என்ன சொல்கிறார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மகள் போகத் துடிக்கிறாள் என்று மட்டும் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அவள் துடிப்பது வாலிபாலுக்காகவா, தன்னை ஒருவர் தேர்ந்தெடுத்தார் என்ற பெருமைக்காகவா, விடுதி வாழ்க்கையின் ஆசையாலா என்று அருகில் அமர்ந்து பேசிப் பாருங்கள். பதின்மூன்று வயதில் இம்மூன்றும் கலந்தே இருக்கும், அதில் தப்பில்லை. பேசிய பிறகு அந்தப் பள்ளிக்கு அவளையும் அழைத்துப் போங்கள். மாலைப் பயிற்சியைப் பார்த்து, விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, மறுநாள் காலைப் பயிற்சி முடிந்த பிறகு கிளம்புங்கள். உங்கள் கணவரும் உடன் வரட்டும்.