மெதுவாகப் பாடினால் யார் கேட்பார்கள்?

வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணா, என் மகள் இங்கே கல்யாண விருந்து, கோயில் திருவிழா என்று இசைக்குழுவோடு பாடப் போகிறாள். வீட்டுக்கு வந்தால் அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் ஆல்பம்தான் ஓடிக்கொண்டே இருக்கும். தானும் தமிழில் அப்படி ஒன்று பண்ணப்போகிறாளாம், கொஞ்சம் பாப், கொஞ்சம் ஜாஸ், சோல் (கறுப்பினத்தவரின் உருக்கமான பாணி), கண்ட்ரி (அமெரிக்கக் கிராமியப் பாணி) எல்லாம் சேர்த்து. குழுவில் உள்ளவர்களோ, "ஏதாவது ஒன்றைப் பிடி, இல்லாட்டி ரெண்டுங்கெட்டானாப் போயிடும்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, பிள்ளையைத் தடுக்காதீர்கள். 2002 பிப்ரவரியில் அந்த முதல் ஆல்பம், 'கம் அவே வித் மீ', வந்தபோது நோராவுக்கு வயது 22. ஜாஸுக்குப் பேர்போன புளூ நோட் நிறுவனம் வெளியிட்டது, ஆனால் கேட்டால் முழு ஜாஸ் இல்லை, முழு கண்ட்ரியும் இல்லை. அப்படியிருந்தும் 14 பாட்டும் ஒரே ஆளின் பாட்டாக இருக்கிறதே, அது எப்படி? அவர் வளர்ந்தது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கிரேப்வைன் என்ற ஊரில், அம்மாவிடம். டெக்சஸ் என்றால் கண்ட்ரிக்குக் கேட்கவா வேண்டும், பெரிய கண்ட்ரி பாடகர் வில்லி நெல்சனே அந்த மாநிலத்துக்காரர்தான். வீட்டில் அம்மாவின் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே இசைத்தட்டுகள், கல்லூரியில் படித்தது ஜாஸ் பியானோ. எல்லாமே காதில் விழுந்து வளர்ந்தவை. அதனால்தான் ஹேங்க் வில்லியம்ஸ் 1951இல் கொடிகட்டிப் பறந்த 'கோல்ட், கோல்ட் ஹார்ட்' என்ற கண்ட்ரி பாட்டை அவர் ஜாஸ் நடையில் பாடும்போது ஒட்டுப்போட்ட இடம் தெரிவதில்லை.

உங்கள் மகள் காதில் எது விழுந்து வளர்ந்தது என்று அவளிடமே கேளுங்கள். உறுமி மேளம் இருக்கும், மின்னல் எப்எம்மில் வந்த பழைய பாட்டுகள் இருக்கும், பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் ஒலிக்கிற மலாய்ப் பாட்டு இருக்கும், தாத்தா காலத்து கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ்கூட இருக்கலாம். அதையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு டெக்சஸை மட்டும் கொண்டுவந்தால்தான் குழுக்காரர்கள் சொல்வது பலிக்கும்.

இன்னொன்று, அந்த ஆல்பத்தில் வாத்தியம் ரொம்பக் குறைவு. கடைசிப் பாட்டு, ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்த 'த நியர்னஸ் ஆஃப் யூ', வெறும் பியானோவும் குரலும்தான். அவர் ஒரு வரியை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் இடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மண்டபங்களில் கீபோர்டு தாளம் ஒரு பக்கம், மைக்கில் எக்கோ ஒரு பக்கம், அதற்கு மேல் கத்தித்தான் பாட வேண்டியிருக்கிறது. நல்ல குரல்கள் பல அங்கேயே தேய்ந்துபோகின்றன, எனக்கு இது பெரிய வருத்தம். ஆல்பத்துக்குப் பாடும்போதாவது எக்கோவை அணைத்துவிட்டு ஒரு கிட்டாரோடு பாடட்டும்.

வீட்டில் முதலில் பதிந்ததை அழித்துவிடவும் வேண்டாம். ஜெஸ்ஸி ஹாரிஸ் எழுதிய 'டோன்ட் நோ வை' பாட்டை நோரா மாதிரிக்காக ஆரம்பத்தில் பதிந்தார், அந்தப் பதிவே கொஞ்சம் குரல் சேர்ப்போடு ஆல்பத்திலும் வந்தது. நடுவில் கிரெய்க் ஸ்ட்ரீட் என்ற தயாரிப்பாளரோடு ஆல்பத்துக்காகப் பதிந்தவற்றில் சிலதான் தங்கின; முதல் பதிவுகளில் இருந்த எளிமை போய்விட்டது என்று நிறுவனம் நினைத்தது. அப்புறம்தான் ஆரிஃப் மார்டின் வந்தார். துருக்கியில் பிறந்தவர், அரீதா ஃபிராங்க்ளினின் சோல் பாட்டுகளில் வேலை செய்தவர். அவ்வளவு அனுபவசாலி, பாடுகிறவரை மறைக்காமல் ஒதுங்கி நின்று வேலை பார்த்திருக்கிறார்.

கேள்வி: நோரா ஜோன்ஸ் சித்தார் மேதை ரவிசங்கரின் மகளாம். அப்பா பெயர் இருந்தால் யாரும்தான் ஜெயிக்கலாம், இல்லையா? – ஒரு வாசகர், தாப்பா

பதில்: இல்லை ஐயா, இது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம். அவர் வளர்ந்தது அம்மாவோடு. 16 வயதில் சங்கர் என்ற பெயரையே விட்டுவிட்டு அம்மாவின் ஜோன்ஸை வைத்துக்கொண்டார். நியூயார்க் போன புதிதில் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே பாடினார். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நுழைந்தபோது 139ஆவது இடம். முதலிடம் பிடிக்க 2003 ஜனவரி வரை ஆனது. அப்பா பெயர் விற்றிருந்தால் முதல் வாரமே விற்றிருக்குமே. அடுத்த மாதம் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து விருதுகள் அவர் கைக்கு வந்தன.

கேள்வி: நோராவின் ஆல்பத்தை ஆசையாகப் போட்டேன், என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். எல்லாப் பாட்டும் ஒன்றுபோல் இருக்கிறதாம். எதிலிருந்து கேட்பது? – ஒரு வாசகி, பிடோர்

பதில்: அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது தங்கச்சி, ஒரே மூச்சில் கேட்டால் வேகம் மாறாததுபோல் தோன்றும். அதனால் மூன்றை மட்டும் தனித்தனியாகப் போடுங்கள். முதலில் 'டோன்ட் நோ வை', அதில் பியானோவை மட்டும் கேளுங்கள். மறுநாள் 'கோல்ட், கோல்ட் ஹார்ட்', அதற்கு முன் ஹேங்க் வில்லியம்ஸ் பாடியதைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள், அப்போதுதான் இந்தப் பெண் என்ன மாற்றினாள் என்பது பிடிபடும். அப்புறம் 'டர்ன் மீ ஆன்', அதில் சோல் வாசம் தூக்கலாக இருக்கும், உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்க அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். காரில் போட வேண்டாம், செம்பனை லோரிகளுக்கு நடுவில் அந்தக் குரல் காதில் ஏறாது.