மலை ஏறும் முன் கேட்டவை: சொந்தக் காரில் குடும்பப் பயணம், கேள்வி பதில்

மேட்டுப்பாளையத்தில் 27 வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் நான். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது ஸ்டியரிங்கை மகனிடம் கொடுத்துவிட்டேன். பேச்சை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. கோடை விடுமுறைக்குச் சொந்தக் காரில் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னைத் தம்பி ஒருவர்: அண்ணா, நான் கார் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் ஊட்டி போக ஆசை. கொண்டை ஊசி வளைவில் ஏற்றிவிட முடியுமா என்றுதான் பயம்.

தம்பி, எல்லாரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறீர்கள். ஏறும்போது தவறு நடந்தால் வண்டி ஆஃப் ஆகும், பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிப்பான், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது இறங்குவதற்கு.

முதலில் ஏற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போனபின் கியரைத் தேடக் கூடாது. ஐந்து பேர், பெட்டி, ஏசி எல்லாம் சேர்ந்தால் சின்ன காருக்கு முதல் கியர் தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வளைவில் முன்னால் ஒரு பஸ் நுழைந்துவிட்டால் அதன் வாலை ஒட்டிப் போகாதீர்கள். அதற்கு முழு ரோடும் வேண்டும், சில சமயம் ஓரடி பின்னாலும் வரும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முன்னால் இழுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இதை உங்கள் ஊர் மேம்பாலச் சரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து தடவை பழகுங்கள்.

இப்போது இறக்கம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் எப்போதாவது தொட்டால் போதும். மூன்று, நான்கில் விட்டுவிட்டு வழி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடாகிப் பிடிப்பு குறையும். அதைவிட மோசமானது பிரேக் ஆயில் கொதிப்பது. பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கடைசியாக பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பெரிய செலவில்லை.

எனக்கே புதிதில் ஒருமுறை நடந்தது. ஒரு லாரிக்குப் பின்னால் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினேன். பிரேக் லைனிங் கருகும் வாடை. லாரியுடையது என்று நினைத்தேன், என்னுடையதுதான். மலையடிவாரக் கல்லாறுக்கு மேலே ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வேனில் இருந்தவர்கள் இயற்கைக் காட்சிக்கு நிறுத்தினேன் என்று நினைத்து போட்டோ எடுத்தார்கள். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம்மும் டிஸ்க்கும் கோணும், விரிசல் விடும்.

நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வண்டியில் ஏற்றாதீர்கள். அப்புறம் ஒன்று: குறுகலான இடத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். மலையில் இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட.

மதுரை வாசகி: என் கார் ஆட்டோமேட்டிக். கியரே இல்லையே, எப்படி இறங்குவது?

இருக்குதுங்கம்மா. லீவருக்குப் பக்கத்தில் 'எல்' என்றோ 'எஸ்' என்றோ கூட்டல், கழித்தல் குறியோ இருக்கும். 'டி'யிலேயே விட்டால் சில வண்டிகள் இறக்கத்தில் தானாக மேல் கியருக்குப் போய் ஓட ஆரம்பிக்கும். கிளம்பும் முன் வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள். டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: இ-பாஸ் இல்லாமல் போனால் விட மாட்டார்களா? ஊட்டிக்கு மட்டும்தானா?

திருப்பி அனுப்புவார்கள் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வால்பாறைக்கும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. பாஸுக்குக் காசு கிடையாது, அரசு இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. ரூம் பதிவு செய்வதற்கு முன் பாஸ் எடுத்துவிடுங்கள். கல்லாறில் வந்து நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் தினமும் பார்க்கிறேன், பாவமாக இருக்கும்.

அதே ஈரோட்டுக்காரர்: மேப்பில் ஊட்டியிலிருந்து முதுமலைப் பக்கம் மசினகுடிக்குக் குறுக்கு வழி காட்டுகிறதே?

அது கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்துச் சரிவு. 2018இல் வெளியூர்க் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போனபின், ஊட்டியிலிருந்து அந்த வழியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. முதுமலை போக பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று சுற்றித்தான் போக வேண்டும். தூரம் அதிகம்தான், ஆனால் பைக்காரா பக்கம் போகிற வழியே ஒரு சுற்றுலா. மேப்புக்குக் கிலோமீட்டர் தெரியும், சரிவு தெரியாது.

சீசனில் இன்னொரு விஷயம்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். திரும்பும்போது குன்னூரில் டீத்தூள் வாங்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போகும்போதே வாங்கிவிடுங்கள்.

தஞ்சாவூர் அம்மா: என் இளைய பெண்ணுக்கு ஏழு வயது. கார் வளைந்தாலே வாந்தி. மாத்திரை கொடுக்கலாமா?

மாத்திரை, அளவு எல்லாம் குழந்தை டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் அம்மா. அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

குழந்தை கையில் இருக்கும் செல்போனை முதலில் வாங்குங்கள். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதோ உடம்பு வளைகிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். டிரைவருக்கு வாந்தி வராததன் காரணமும் இதுவே, அடுத்த வளைவு அவனுக்கு முன்னாலேயே தெரியும். பின் சீட்டில் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, முன் கண்ணாடி வழியாகத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். 'அடுத்த வளைவு எந்தப் பக்கம்?' என்று ஒரு விளையாட்டு வைத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது. காலையில் இரண்டு இட்லி போதும். பூரி, பொங்கல் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தால் மலைக்காற்றே பாதி மருந்து. காரில் தொங்கும் வாசனை டப்பாவைக் கழற்றி எறியுங்கள், பெரியவர்களுக்கே அது குமட்டும். கொஞ்சம் இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்: வளைவில் விரட்டி, சட்டென்று பிரேக் போட்டு ஓட்டினால் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. சட்டைக்குள் செய்தித்தாள் வைத்தால் வாந்தி வராது என்பார்கள். நான் பார்த்தவரை வரும், துடைக்க உதவும்.

கோயம்புத்தூர்க்காரர்: மைசூர் பார்த்துவிட்டு இரவோடு இரவாக ஊட்டி திரும்பலாமா?

முடியாது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், முதுமலைப் பக்கமும் அப்படியே. எட்டே முக்காலுக்குக் கேட்டைப் பிடித்துவிடலாம் என்று மைசூரிலிருந்து விரட்டி வருவதுதான் பெரிய ஆபத்து. மதியம் மூன்று மணிக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் அங்கேயே தங்கிவிடுங்கள். காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்காதீர்கள். யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல், லைட்டை அடித்து அடித்துக் காட்டாமல் காத்திருங்கள். கல்லாறு, பர்லியாறு பக்கமும் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கு வரும்.

சேலத்திலிருந்து ஒரு தம்பி: எலெக்ட்ரிக் காரில் ஊட்டி போகலாமா?

என் மகன் ஒருமுறை ஓட்டி வந்து சொன்னதை வைத்தும், கொஞ்சம் கணக்குப் போட்டும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,800 கிலோ இருக்கும் காரை அவ்வளவு தூரம் தூக்க மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ரோட்டில் ஓடுவதற்கு ஆவது தனி. ஆகவே அடிவாரத்தில் நன்றாக ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். மேலே இருந்து இறங்கும்போது மட்டும் நூறு சதவீதம் ஏற்றாதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்து மின்சாரத்தைத் திரும்ப ஏற்றும். பேட்டரி நிறைந்திருந்தால் அதைக் கொண்டுபோய் வைக்க இடமில்லாமல் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

திருநெல்வேலி மருமகள் ஒருவர்: மாமனாருக்கு 74 வயது, மூட்டுவலி. அவரால் எதையும் நடந்து பார்க்க முடியாது. கூட்டிப் போகலாமா, வீட்டில் விடலாமா?

கூட்டிப் போங்க தாயி. ஒரு நாளைக்கு ஆறு இடம் என்று பட்டியல் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது, 2026 கோடையிலும் அங்கேயேதான் இருக்கும். ஒரு நாள் நீங்கள் எல்லாரும் அவரோடு மலை ரயிலில் போங்கள். யாராவது ஒருவர் காரை எடுத்துக்கொண்டு ஊட்டியில் காத்திருக்கட்டும். 46 கிலோமீட்டரை அது மெதுவாக ஏறும், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் பார்த்துவிடுவார். டிக்கெட் மட்டும் முன்கூட்டியே எடுக்க வேண்டும், சீசனில் கடைசி நேரத்தில் கிடைக்காது. ரத்த அழுத்த, இதய நோய் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரைகளை டிக்கியில் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு நிறுத்துங்கள். வயதானவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அதற்காகத் தண்ணீர் குடிக்காமலே வருவார்கள்.

கரூரிலிருந்து: கூட்டமே இல்லாத மலை ஏதாவது?

மே மாதத்தில் 'கூட்டமே இல்லாத' என்பதற்கு மலையில்லை. குறைவான கூட்டம் என்றால் உங்களுக்குக் கிட்டத்தில் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 வளைவுகள், ரோடு குறுகல், புதிதாக ஓட்டுகிறவருக்கு வேண்டாம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்குவது சுலபம், ஏறும்போது வீட்டில் சண்டை வரும். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 வளைவுகள், ஆனால் வளைவுகள் அகலம். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பாருங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு ரோட்டைக் கடக்கும், மெதுவாகப் போங்கள். குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். போட்டுப் பழக்குவதால்தான் அது ரோட்டுக்கு வந்து அடிபடுகிறது.

ஓசூரிலிருந்து: நண்பரின் காரை வாடகைக்கு எடுத்துப் போகலாமா?

வெள்ளை நம்பர் பலகை என்றால் வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டில் பணம் வருவது சந்தேகம். சும்மா கொடுத்தால் வாங்கிப் போங்கள், டேங்க் நிரப்பித் திருப்பிக் கொடுங்கள். வாடகை என்றால் மஞ்சள் பலகை.

திருப்பூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி: தாத்தா, ஊட்டி போகும்போது சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்பிக்கொள்கிறது?

கண்ணு, பாக்கெட்டுக்குள் அடைத்த காற்று அப்படியேதான் இருக்கிறது. வெளியே அதை அழுத்திக்கொண்டிருந்த காற்றுதான் மேலே போகப் போகக் குறைகிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். அதனால் உள்ளே இருப்பது வெளியே தள்ளுகிறது. உன் காது அடைத்துக்கொள்வதும் இதே காரணம்தான், எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். திரும்பும்போது ஒன்று செய்து பார். ஊட்டியில் மெல்லிய காலி ஷாம்பு பாட்டில் ஒன்றை இறுக மூடி எடுத்துக்கொள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், நீலகிரியில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச்சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். மேட்டுப்பாளையம் வந்ததும் எடுத்துப் பார், யாரும் தொடாமலே ஒடுங்கியிருக்கும்.